வடிகாலில் ஒரு வாக்கு

டைபர் மூன்று நாள் ஏறி
நான்காம் நாள் மனமில்லாமல் இறங்கியது.
மன்றத்தின் தரையெல்லாம் முழங்கால் சேறு.
நூறாண்டாய் ஆள் இறங்காத வடிகால்
வாயடைத்துக்கொண்டதால்
இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள் என்னை.

பெயர் ஃபிலார்கிருஸ்.
வெள்ளியை விரும்புகிறவன் என்று அர்த்தமாம்.
ஏலம் போட்டவன் வைத்த பெயர்,
அவனுக்குத்தான் பொருந்தும்.
நான் அரசாங்கத்து அடிமை, துடைப்பக்காரன்.
அரசர் மாறுவார்கள், துடைப்பம் மாறாது.

முதல் வாளியில்
வெற்றி மாலைகளின் அழுகிய இலை,
பிசினாய் ஒட்டும் தூபச் சாம்பல்.
செத்த பேரரசர்களைக் கடவுளாக்கி
வரிசையாய்க் கோயில் கட்டத் தொடங்கிய பிறகு
குப்பையிலும் வாசனை.
எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்று.

அடுத்து, கனமாய், ஒரு வெண்கலக் காது.
சதுக்கத்தின் நடுவே
ஒருவரே இடம் முழுதும் அடைத்துக்கொண்டு
குதிரைமேல் உட்கார்ந்திருந்தார் சில ஆண்டுகள்.
சுற்றிப் பெருக்க எனக்குத் தினமும் அரை நாழிகை அதிகம்.
அவர் செத்த சேதி வந்ததும் கயிறு, கோடரி, கூச்சல்.
கைதட்டியவர்களை அடையாளம் தெரியும்,
திறப்பு விழாவிலும் அவர்கள்தான் தட்டினார்கள்.
துண்டுகளை எடை போட்டபோது
குதிரையின் ஒரு காது மட்டும் கணக்கில் வரவில்லை.
அதற்காக முதுகில் வாங்கினேன் பதினொன்று.
இதோ இருக்கிறது,
யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டிருந்தது,
இப்போது சேறு நிரம்பி.

பிறகு மூக்குகள்.
பளிங்கு மூக்குகள், ஏழு எண்ணினேன்.
உடம்பை அப்படியே விட்டுத்
தலையை மட்டும் புதிதாய்ச் செதுக்கும்போது
உளி முதலில் தேடுவது மூக்கைத்தான்.

அதற்கும் கீழே
பாலாடைக்கட்டியாய் இறுகிய பளிங்குத் தூள்.
முதல் பேரரசர் காலமாக இருக்க வேண்டும்.
தூண், வளைவு, தூண்.
பேச்சு மேடைக்குக்கூடப் புது முகப்பு,
எதிரிக் கப்பல்களின் வெண்கல அலகு பதித்து.
இன்றும் ஏறுகிறார்கள் அதில்,
பிணத்தைப் புகழ.

"தண்ணீர் ஓடினால் போதும், ஏறி வா!"
மேலிருந்து நுமித்தோரியுஸ்.
கை கேட்கவில்லை.

கறுப்புச் சேறு.
அவரைத் தோல், செருப்பு வார்,
ஒரு மனிதப் பல்.
இங்கே ஜனங்கள் பல் உதிர வாதாடினார்களா?
நாங்கள் தும்முவதற்கே
நாலு பக்கம் பார்க்கிறோம்.

அப்புறம் அது.
மூன்று விரல் அகலப் பலகை.
மெழுகு பாதி போயிருந்தது,
கீறல் மரம்வரை இறங்கியிருந்ததால் எழுத்து போகவில்லை.
ஒரே எழுத்து,
சுவரில்லாத வீட்டின் கூரை மாதிரி.

காசு மாற்றும் கடையில் கணக்கெழுதும் ட்ரோமோ
அதைப் பார்த்துச் சிரித்தான், உடனே நிறுத்தினான்.
"வாக்குச் சீட்டு," என்றான் மெதுவாக.
"புதுச் சட்டம் வேண்டாம் என்பவன் போடுவது.
பழையபடியே இருக்கட்டும் என்று அர்த்தம்."

எந்தச் சட்டம், எவன் கை?
எண்ணினார்களா,
எண்ணும் முன்பே கூடை கவிழ்ந்ததா?
அவன் வாய் திறக்காமல் தந்த வாக்கு
இத்தனை அரசர்களுக்கு அடியில்
நனைந்துகொண்டே கிடந்திருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை.
பழையபடி என்றால் எங்களுக்கு என்ன?
அன்றும் பெட்டிக்குள் போக எங்கள் கைக்கு உரிமையில்லை.
காலில் சுண்ணாம்பு பூசி ஏற்றி நிறுத்திய
ஏலக் கல் மட்டும்
அன்று இருந்த இடத்திலேயே.

மாலை, நீதிமன்றப் படியில்
எவனோ ஆணியால் கீறிய ஆட்டக் கட்டம்.
ஒரு காய் குறைந்தது.
பலகையை வைத்தேன்.
"இது எப்படி நகரும்?" என்றான் ட்ரோமோ.
"நகராது."
"அப்படியானால் ஆட்டத்துக்கு ஆகாது."

ஆனாலும் எடுக்கவில்லை, அவனும்.
அதைச் சுற்றிக்கொண்டு
விளையாடினோம்.